வார்டு கணக்கு

கார்த்திகை தீபத்தன்று பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு மலையைப் பார்ப்பாள். தாத்தா தெருவைப் பார்ப்பார். சாமி கும்பிடாத பழைய தி.மு.க.காரர். “பொழைக்கப் போனவனெல்லாம் இன்னிக்குத்தான் ஊருக்கு வருவான். யார் இருக்கான், யார் இல்லன்னு பாத்துக்கிட்டா லிஸ்ட்டு சரியாய்டும்டா” என்பார். லிஸ்ட்டு என்றால் வாக்காளர் பட்டியல்.

எங்கள் ஊருக்கு அரசியல் வரலாற்றில் ஒரு வரி உண்டு. 1963 திருவண்ணாமலை இடைத்தேர்தல். முந்தைய ஆண்டு காங்கிரஸ் வென்ற தொகுதியை தி.மு.க.வின் ப.உ. சண்முகம் பிடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் காமராஜர் முதல்வர் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதுபவர்கள் உண்டு. மேடைப் பேச்சும் சினிமாவும் வாங்கித் தந்த வெற்றி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தாத்தா ஒத்துக்கொள்ள மாட்டார். “பேச்சு கூட்டத்தைக் கூட்டும். ஓட்டை வீட்டுக்கு வீடு போய்த்தான் எடுக்கணும்.”

அவர் சொன்னதைத் தேதிகளோடு வைத்துப் பார்த்தேன். 1949இல் தொடங்கிய கட்சி, தேர்தலில் நிற்கலாமா என்று 1956 திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்து வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தது. 1957இல் பொதுச் சின்னம்கூட இல்லாமல் 15 இடம். மக்களவைக்கு வென்ற இருவரில் ஒருவர் திருவண்ணாமலைத் தொகுதியின் இரா. தர்மலிங்கம். கோயில் ஊரில் பகுத்தறிவுக் கட்சி! 1958இல் உதயசூரியன் கிடைத்தது. அடுத்த ஆண்டு சென்னை மாநகராட்சித் தேர்தல். 100 வார்டில் 90இல் நின்று 45இல் ஜெயித்தார்கள். அ.பொ. அரசு மேயரானார். (அண்ணா கலைஞருக்கு மோதிரம் போட்டது இந்த வெற்றிக்குத்தான். கண்ணதாசன் ‘வனவாச’த்தில் அந்த மோதிரத்துக்கு வேறு கதை சொல்வார்.)

மோதிரத்தைவிட எனக்கு அந்த 90 முக்கியம். சட்டமன்றத் தொகுதிக்கு ஜீப் வேண்டும், பணம் வேண்டும், பெரிய குடும்பத்துப் பெயர் வேண்டும். வார்டுக்குக் கால் போதும். நாலு தெரு, சில ஆயிரம் ஓட்டு. வெற்றிலைக் கடைக்காரரும் நிற்கலாம், தையல்காரரும் நிற்கலாம். தோற்றாலும் எந்த வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது அத்துபடி ஆகிவிடும். ஜெயித்தால் தெருவிளக்குக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கவுன்சிலரின் வீடு அதே தெருவில் இருக்கிறது. 1962இல் கட்சி 50 இடம் பிடித்தபோது அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். ஆனால் கட்சி குலையவில்லை. காரணம் இந்த வார்டு ஆட்கள்தான் என்பது என் கணிப்பு.

1967இல் ஆட்சி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத் தாத்தா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். எந்த மாநகராட்சி வழியாக ஏறி வந்தார்களோ, அதே சென்னை மாநகராட்சி மன்றத்தை மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973இல் தி.மு.க. அரசே கலைத்தது. ஊழல் நடந்தது சரி, மறுபடி தேர்தல் வைத்திருக்கலாமே? அடுத்த தேர்தல் 1996இல். நடுவில் 23 வருஷம், எல்லா ஆட்சியும் இருந்திருக்கின்றன. நகராட்சிகளுக்கு ஏறத்தாழ 16 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எம்.ஜி.ஆர். அரசு 1986இல் தேர்தல் நடத்தியது. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. பெரும்பாலான நகராட்சிகளை அள்ளியது. சின்னத் தேர்தலில் என்ன வளரும் என்று ஆளுங்கட்சிகளுக்கு நன்றாகத் தெரியும். 2016இல் வந்திருக்க வேண்டிய நகர்ப்புறத் தேர்தலும் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. அதுவரை எங்கள் தெருச் சாக்கடைக்குத் தனி அலுவலர். அவர் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பிப்ரவரியில் தாத்தாவை ஆட்டோவில் ஓட்டுப் போட அழைத்துப் போனேன். வாசலில் ஸ்லிப் கொடுத்துக்கொண்டிருந்த பையனிடம், “நம்ம தெருவுல எத்தனை ஓட்டு தம்பி?” என்று கேட்டார். பையன் போனைத் தடவினான், நெட் வரவில்லை.

“நூத்திப் பதினாலு” என்றார் தாத்தா. “செத்துப்போன ரெண்டு பேரு இன்னும் லிஸ்ட்டுல இருக்கான். எடுக்கச் சொல்லு.”