எண்டோசல்பான்

எண்டோசல்பான், குளோரினை அங்கமாகக் கொண்ட கரிமப் பூச்சிக்கொல்லிகளின் வகுப்பைச் சேர்ந்த ஒரு செயற்கை விஷம், அவ்வகையில் டி.டி.டி.க்கு உறவுடையது. 1950-களில் ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனியார் உருவாக்கிய இப்பொருள், விலை மலிவாகவும் பலவகைப் பூச்சிகளை ஒருங்கே கொல்வதாகவும் இருந்தமையால், பருத்தி, தேயிலை, காய்கறி, முந்திரி முதலிய பயிர்களில் அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் பிரயோகிக்கப்பட்டது. இதைப் பெருமளவில் உற்பத்தி செய்த நாடுகளுள் இந்தியா முன்னணியில் நின்றது. கேரளத்தின் காசர்கோட்டை விட்டுவிட்டு எண்டோசல்பானின் சரித்திரத்தைச் சொல்ல இயலாது; ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்த ஜில்லாவைப் பற்றியதே.

மூச்சின் வழியாகவும், தோலின் வழியாகவும், உணவோடும் நீரோடும் இவ்விஷம் உடலுக்குள் புகுகிறது. நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணித்து அமைதியுறச் செய்யும் இயற்கையான சமிக்ஞைகளை அது தடுத்துவிடுவதால், மிகுதியாக உட்கொண்டவருக்குத் தலைவலி, வாந்தி, நடுக்கம் என்று தொடங்கிக் கைகால் வெட்டியிழுக்கும் வலிப்பில் கொண்டுபோய் விடுகிறது. இதற்கென்று தனியே ஒரு மாற்றுமருந்து கிடையாது; வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்து, உடல் தானே விஷத்தைக் கழிக்கும்வரை பொறுத்திருப்பதே சிகிச்சை. மண்ணில் விழுந்தபின் எண்டோசல்பான் சல்பேட்டாக மாறினாலும் விஷத்தன்மை குறைவதில்லை. அந்த எச்சம் மாதக்கணக்கிலும், சில இடங்களில் ஆண்டுக்கணக்கிலும் தங்குகிறது. மீன்களுக்கு இது மிகச் சிறிய அளவிலேயே மரணம். காற்றில் ஏறிப் பயணம் செய்து, எந்த வயலும் இல்லாத வடதுருவப் பனிப் பிரதேசத்திலும் இது காணப்பட்டிருக்கிறது.

காசர்கோடு, கேரளத்தின் வடகோடியில், மலையாளமும் கன்னடமும் துளுவும் கலந்து ஒலிக்கும் நாடு. செம்பூரான் கல்லாலான மொட்டைக் குன்றுகளும், அவற்றினிடையே கமுகந்தோப்புகள் அடர்ந்த பள்ளத்தாக்குகளுமாக அந்த நிலம் அமைந்திருக்கிறது. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தும், நீர் நிற்காமல் ஓடிவிடுவதால், அங்குள்ள முன்னோர் குன்றின் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்குக் குகை குடைந்து, கல்லின் உள்ளிருந்து சொட்டும் கசிவைப் பிளந்த கமுகமரத்து ஓடைகளில் வழியவிட்டு, வாசலருகே மண்தொட்டியில் தேக்கிக்கொண்டார்கள். அதற்குச் சுரங்கம் என்று பெயர். மேலே குன்று, கீழே வீடு, நடுவே குடிநீர்: குன்றின் உச்சியில் விழுந்தது எதுவாயினும் அடுக்களைக்குள் வந்து சேரும்படி அமைந்த ஊர் அது.

அக்குன்றுகளின் மேற்பரப்பில்தான் பல ஆயிரம் ஏக்கரில் முந்திரி பயிரிடப்பட்டு, பின்னர் சர்க்காருக்குச் சொந்தமான கேரளத் தோட்டக் கழகத்தின் வசம் வந்தது. முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருகச் செய்யும் தேயிலைக் கொசு, பெயரில் கொசுவேயன்றி உண்மையில் செடிச்சாறு உண்ணும் நாவாய்ப்பூச்சி இனம். இலைகளைக் கூட்டிப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் நிறைந்த மரங்களில் இப்பூச்சியின் தொல்லை குறைவு என்பது அனுபவமுள்ள விவசாயிகள் அறிந்ததே. கழகமோ ஹெலிகாப்டரை வரவழைத்தது. 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி 2000 வரை, மரம் தளிர்த்துப் பூத்துக் காய் பிடிக்கும் பருவத்தில், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. கிணறுகளை மூடி வையுங்கள், ஆடுமாடுகளை வெளியே விடாதீர்கள் என்று முன்கூட்டி அறிவிப்பதுண்டு. ஆனால் சுரங்கத்தை எதைக் கொண்டு மூடுவது? ஓடையை எப்படி மூடுவது? ஏற்ற இறக்கமான குன்றுகளின்மேல் பறக்கும் இயந்திரம் மர உச்சிக்கும் தனக்கும் இடையே ஒரே உயரத்தைக் காக்க முடியாது. மேலிருந்து விழும் துளிகள் காற்றோடு தோட்டத்தின் எல்லை தாண்டிப் போயின. எறும்பும் தேனீயும் மடிந்தன. பருவமழை வந்ததும் மிச்சம் கீழே இறங்கியது.

விபரீதம் முதலில் கன்றுகளிடம் தெரிந்தது. 1979-ஐ ஒட்டிக் கைகால் கோணிப் பிறந்த கன்றுகளைக் கண்டு, கன்னடத்தில் எழுதும் விவசாயப் பத்திரிகையாளரான ஸ்ரீ பத்ரே சந்தேகத்தை எழுப்பினார். என்மகஜே பஞ்சாயத்தில் ஸ்வர்கா என்னும் சிற்றூரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஒய். எஸ். மோகன் குமார், ஓடையின் இரு கரைகளிலும் உள்ள வீடுகளில் வலிப்பும், மூளை வளர்ச்சிக் குறையும், மனநோயும், புற்றுநோயும் கணக்கில் அடங்காமல் பெருகியிருப்பதைத் தம் நோயாளிகளிடமே பார்த்து, 1990-களில் அதைப் பற்றி எழுதலானார். அந்த வீடுகளில், வயது இருபதைக் கடந்தும் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளையைச் சுமந்து குளிப்பாட்டி, கையால் ஊட்டி, இரவில் வலிப்பு வந்தால் நாக்கு கடிபடாமல் விழித்திருந்து காக்கும் தாய்மார்கள் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். தனக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்பதே அவர்களை வாட்டும் கவலை. 2009-ல் அம்பிகாசுதன் மாங்காடு அந்தப் பஞ்சாயத்தின் பெயரையே சூட்டி எழுதிய மலையாள நாவல் இந்த வாழ்வைப் பற்றியது.

சட்டத்தின் வாசலைத் தட்டியவர் ஒரு பெண்மணி. விவசாய இலாகாவில் பணியாற்றிய லீலாகுமாரி அம்மா, ஹெலிகாப்டரின் இரைச்சலுக்குப் பின் தம் வீட்டில் வந்த நோய்களைக் கண்டு, 1998-ல் ஹோஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2000-ல் வான்வழித் தெளிப்பு நின்றது. அதன்பின் ஆராய்ச்சிகள் தொடங்கின. ஆமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார், பாதிக்கப்பட்ட பகுதியின் 117 சிறுவர்களையும், தொலைவிலுள்ள ஓர் ஊரின் 90 சிறுவர்களையும் ஒப்பிட்டு, முதற்சொன்னவர்களிடம் பருவ முதிர்ச்சி தாமதப்பட்டிருப்பதையும், அவர்களது இரத்தத்தில் எண்டோசல்பான் கூடுதலாக இருப்பதையும் கண்டு 2003-ல் வெளியிட்டனர். வேறு சில குழுக்கள் தொடர்பே நிறுவப்படவில்லை என்றன. ஒவ்வொரு குழந்தையின் ஒவ்வொரு ஊனத்துக்கும் இதுவே காரணம் என்று சோதனைக்கூடத்தில் நிரூபிப்பது யாராலும் ஆகாத காரியம். அந்த நிரூபணத்தைக் கேட்டுக்கொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேல் தெளித்ததை நியாயம் என்று எவ்விதத்திலும் ஒப்ப முடியாது. விஷம் தீங்கற்றது என்று காட்டவேண்டிய கடமை தெளித்தவரைச் சேர்ந்தது. அதைக் குடித்தவர் மேல் அச்சுமையை ஏற்றினார்கள்.

2011 ஏப்ரலில் ஜெனிவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் ஒப்பந்த மாநாடு, முதலில் எதிர்த்து நின்ற இந்தியாவும் கடைசியில் சில விலக்குகளோடு இணங்க, உலக அளவில் ஒழிக்கப்படவேண்டிய பொருள்களின் பட்டியலில் எண்டோசல்பானைச் சேர்த்தது. அதே ஆண்டு மே 13-ம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பிரயோகத்தையும் தடைசெய்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் மூன்று மாதத்துக்குள் தரவேண்டுமென்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. கேரள சர்க்காரின் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. 2022 மே மாதத்தில் நீதிமன்றம் மீண்டும் கணக்குக் கேட்டபோது, பணம் பெறவேண்டிய 3,704 பேருள் 8 பேருக்கே அத்தொகை சென்றிருந்தது. அந்த எட்டுப் பேரும் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டவர்கள்.

தெளிப்பு நின்றபோது தெளிக்காமல் எஞ்சிய மருந்து, பெரியா, ராஜபுரம், சீமேனி ஆகிய இடங்களில் கழகத்தின் கிடங்குகளில் கிடந்தது. பீப்பாய்கள் துருப்பிடித்துக் கசியத் தொடங்கவே, 2012-ல், உடல் முழுதும் மூடிய உடையும் முகமூடியும் அணிந்த ஆட்கள் அதைப் புதிய பிளாஸ்டிக் பீப்பாய்களுக்கு மாற்றினார்கள். அதே திரவம் குன்றின்மேல் மழைபோல் இறங்கிய நாட்களில், கீழே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு வாழையிலை தவிர வேறு மறைப்பு இருக்கவில்லை.