இளவரசனுக்குத் திருப்பணி

கச்சிராயபாளையத்தில் நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகணும். கோயில் மாதிரி. சார் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஒருத்தன் கருப்புத் திரையில் நாலெழுத்து தட்டுவான். வெள்ளை உடுப்பு போட்ட ஒருத்தன் நிலவறைக்குள் விழுந்து எழுந்து ஓட ஆரம்பிப்பான். அறுபது நிமிஷத்துக்குள் இளவரசியைக் காப்பாற்றணும். எங்களில் யாரும் காப்பாற்றியதில்லை, அதற்குள் மணி அடித்துவிடும். ஆனா அவன் ஓடுறதைப் பார்க்கவே நல்லா இருக்கும். மற்ற விளையாட்டுகளில் பொம்மைகள் நகரும். இவன் மட்டும்தான் நிஜமாகவே ஓடினான்.

2020 செப்டம்பரில் அதே பரம்பரையில் வந்த இன்னொரு இளவரசனுக்குப் புதிய உருவம் கொடுத்து ஒரு முன்னோட்டக் காணொளி வெளியானது. செய்தவர்கள் புனேயிலும் மும்பையிலும் இருந்த குழுக்கள். உலகம் முழுக்கச் சிரித்தார்கள். 'இது ரெண்டு தலைமுறைக்கு முந்தின கேம் மாதிரி இருக்கு' என்பதுதான் பொதுவான குரல். நானும் பார்த்தேன். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்வதும் யாரோ எழுதின பழைய நிரலைப் புதுசாக்குவதுதான். அதில் என்னென்ன உடையும் என்று கொஞ்சம் தெரியும்.

*

இளவரசன் ஏன் அப்படி ஓடினான் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1985இல் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு சட்டமாகப் பிரித்து, உருவத்தின் மேல் வரைந்து, ஆப்பிள் 2 கணினிக்குள் ஏற்றினார். ரோட்டோஸ்கோப்பிங் என்ற பழைய கார்ட்டூன் உத்திதான். வாள்சண்டைக்கு 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக்காட்சியை எடுத்துக்கொண்டார். 1989இல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வெளியானது.

அந்தக் கணினியில் நினைவகம் மிகக் குறைவு. இளவரசனின் அசைவுகளே பெரும்பகுதியைத் தின்றுவிட்டன, எதிரிக்குத் தனி உருவம் வரைய இடமில்லை. மெக்னர் இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி வைத்து, அதன் மேல் அதையே எக்ஸ்-ஆர் செய்தார். மினுமினுக்கும் ஒரு நிழல் மனிதன் பிறந்தான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிக்கும்போது இளவரசனிடமிருந்து அவன் பிரிந்து போவான். கடைசியில் அவனை வெட்டினால் நீங்களே சாவீர்கள். வாளை உறையில் போட்டுவிட்டு அவனுக்குள் ஓடிப் புகுந்துவிடணும். வன்பொருளின் பஞ்சத்திலிருந்து கதையின் மிக ஆழமான இடம் வந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த விளையாட்டின் ஒவ்வொரு திரையும் பத்துக்கு மூன்று என்ற கட்டங்களால் ஆனது. இளவரசனின் நடை, ஓட்டம், தாவல் எல்லாம் அந்தக் கட்டங்களுக்கு அளந்து வைத்தவை. டேவிட்டின் கால் நீளம்தான் பள்ளத்தின் அகலம் என்றே சொல்லலாம். இங்கே உருவம் தனி, ஆட்டம் தனி என்று பிரிக்க முடியாது. காலை நீட்டினால் பள்ளம் தப்பாகிவிடும். பள்ளத்தை மாற்றினால் அது வேற விளையாட்டு.

*

2003இல் யூபிசாஃப்டின் மான்ட்ரியல் குழு இளவரசனை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தது. பெயர் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்'. கதை மெக்னருடையது. அவர்கள் பழைய உருவத்தைப் பெரிதாக்கவில்லை, பழைய அனுபவம் எது என்று கேட்டார்கள். 1989இன் ஆட்டத்தில் தவறி விழுந்தால் சாவு, மறுபடி முதலிலிருந்து. 2003இல் கையில் ஒரு குத்துவாள் வந்தது. அதன் பிடியை அழுத்தினால் காலம் பின்னோக்கி ஓடும், விழுந்தவன் விளிம்புக்குத் திரும்புவான். சுவரில் பக்கவாட்டில் ஓடும் அவனுடைய புகழ்பெற்ற ஓட்டம் அப்போது வந்ததுதான். முகம், உடை, எதுவும் பழசு இல்லை. ஆனா விளையாடினவனுக்கு அவன் அதே ஆள் என்று தெரிந்தது.

அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஓர் இந்திய மகாராஜாவின் அரண்மனையைப் பாரசீகப் படை சூறையாடுவதில் தொடங்குகிறது. குத்துவாளே கொள்ளையடித்த பொருள்தான். கூடவே வரும் நாயகி ஃபரா, சிறைபிடிக்கப்பட்ட அந்த மகாராஜாவின் மகள்.

அடுத்த ஆண்டே 'வாரியர் விதின்' வந்தது. இளவரசன் முறைத்தான், ரத்தம் தெறித்தது, பின்னணியில் மெட்டல் இசை. ஆட்டம் அதே வேர்தான், ஆள் வேற. மெக்னருக்கே அது பிடிக்கவில்லை. 2008இல் முற்றிலும் புதிய ஓர் இளவரசன், ஓவியம் போன்ற உலகம். அதில் விழுந்தால் எலிகா என்ற துணைவி கைபிடித்துத் தூக்கிவிடுவாள், சாவே கிடையாது. இருபது வருஷத்துக்குள் ஒரே பெயரில் நாலு ஆட்கள்.

*

பழைய பாத்திரத்தைப் புதுப்பிக்கும் வேலையில் ரெண்டு வகை உண்டு. நம்ம ஊர்க் கோயில் திருப்பணியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

முதல் வகை ரீமாஸ்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குக் காரை பூசி வர்ணம் தீட்டுகிற மாதிரி. உள்ளே மூலவர் அப்படியே இருப்பார். 2024 பிப்ரவரியில் வந்த 'டூம் ரைடர்' முதல் மூன்று பாகங்களின் தொகுப்பு இதற்கு நல்ல உதாரணம். ஒரு பொத்தானை அழுத்தினால் லாரா கிராஃப்ட் கூர்மூக்கும் முக்கோண உடம்புமாக 1996க்குத் திரும்புவாள், இன்னொரு முறை அழுத்தினால் புது முகம். அடியில் பழைய ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுப் பாணிக் கட்டுப்பாடும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனால் லாராவின் உலகமும் கட்டங்களால் ஆனது. நின்று தாவினால் ஒரு கட்டம், ஓடித் தாவினால் ரெண்டு. அந்தக் கணக்கை நம்பிக் கட்டின குகைக்குள் புதுக் கட்டுப்பாடு தடுமாறும். பழகினவர்கள் பழசுக்கே திரும்பினார்கள்.

இரண்டாவது ரீமேக். பிரித்துப்போட்டுக் கட்டுவது. 1998இன் 'ரெசிடென்ட் ஈவில் 2' 2019இல் அப்படித்தான் வந்தது. மூலையில் மாட்டின கேமரா தோளுக்குப் பின்னால் வந்தது. பழைய பயம் போய்விடும் என்று நினைத்தால், காவல் நிலையத்தின் இருட்டை அதிகமாக்கி வேற வழியில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

திருப்பணியில் ஒரு ஆபத்து எல்லோருக்கும் தெரியும். கல் பளிச்சென்று ஆகட்டும் என்று மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்த கோயில்களில் கல்வெட்டு எழுத்தே மழுங்கிப் போயிருக்கிறது. எது அழுக்கு, எது எழுத்து என்று தெரியாதவன் கையில் பளபளப்பு ஒரு அழிவுக் கருவி.

*

புனே, மும்பை குழுக்களுக்குக் கிடைத்தது இந்த ரெண்டாவது வகை வேலை. யூபிசாஃப்டின் புனே அலுவலகம் 2008 முதலும் மும்பை அலுவலகம் 2018 முதலும் இயங்குகின்றன. இந்தியாவில் கேம் துறையின் பெரும்பகுதி பிறருக்குச் செய்துகொடுக்கும் வேலை. கார், துப்பாக்கி, மரம், ஆள் என்று உருவங்களை மட்டும் செய்து அனுப்புவோம். முழு விளையாட்டு, அதுவும் இவ்வளவு பெயர்பெற்ற ஒன்று, இங்கே வருவது அபூர்வம். இந்தியாவில் தொடங்கும் கதை பதினேழு வருஷம் கழித்து இந்தியாவுக்கே வந்தது. ஃபராவுக்கு இந்திய வம்சாவளிக் கனடிய நடிகை சுபிந்தர் ரைச் குரல் கொடுத்தார். இளவரசனுக்குப் பழைய யூரி லோவென்தாலே திரும்பி வந்தார்.

அந்த முன்னோட்டத்தில் என்ன தவறிப்போனது? என் கண்ணுக்குப் பட்டது வெளிச்சம். 2003இன் ஆட்டம் குறைந்த பலகோணங்களில் செய்தது. அந்தக் குறையை மறைத்ததோ, அழகாக்கியதோ, எல்லாவற்றின் மேலும் படர்ந்திருந்த ஒரு மங்கலான ஒளி. யாரோ நினைவிலிருந்து கதை சொல்வது போன்ற உணர்வை அதுதான் தந்தது. ஆட்டமும் அப்படித்தான். இளவரசனே ஃபராவிடம் சொல்லும் கதை அது. புதிய எஞ்சினில், புதிய உடம்புகளில், எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. தெளிவாகத் தெரிந்ததால் முகங்கள் வெறுமையாக இருந்தன. அந்த மங்கல் அழுக்கு இல்லை, எழுத்து.

2021 ஜனவரி 21 வெளியீடு மார்ச் 18க்குத் தள்ளிப்போனது. பிப்ரவரியில் தேதியே இல்லாமல் போனது. 2022 மே மாதம் வேலை மான்ட்ரியலுக்கே மாற்றப்பட்டது. இணையத்தில் பலர் கொண்டாடினார்கள். 'இந்தியாக்காரனுக்கு இதெல்லாம் வராது' என்று இங்கிருந்தே எழுதினவர்களும் உண்டு.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய நிரலை வேறு கைக்கு மாற்றும்போது என்ன நடக்கும் என்று தெரியும். ஆவணம் வரும், கோப்புகள் வரும். இது ஏன் இப்படி இருக்கு என்ற காரணம் மட்டும் வராது. அது எழுதினவன் தலைக்குள் இருக்கும். 2012இல் மெக்னரின் அப்பா ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். தொலைந்துபோனதாக நினைத்த 1989இன் மூல நிரல், ஃப்ளாப்பி வட்டுகளில். மெக்னர் அதைப் பொதுவில் போட்டுவிட்டார். நானும் திறந்து பார்த்தேன். ஒரு புள்ளி தள்ளி வைத்தது எப்படி என்று அதில் இருக்கிறது. நினைவகம் தீர்ந்துபோன கவலை அதில் இல்லை.

இன்னொரு உண்மையும் சேர்த்தே சொல்லணும். வேலை பிறந்த வீட்டுக்கே போயும் பிழைக்கவில்லை. 2024இல் '2026இல் வருகிறது' என்றார்கள். 2026 ஜனவரியில் திட்டத்தையே ரத்து செய்தார்கள். ஆக, சிக்கல் புனேயிலோ மும்பையிலோ மட்டும் இருந்திருக்க முடியாது. அந்தச் செய்திக்கு யாரும் நம்மிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை.

இடையில், 2024 ஜனவரியில், பிரான்சின் மான்பெல்லியே குழு 'தி லாஸ்ட் கிரவுன்' என்ற புதிய ஆட்டத்தைத் தந்தது. பக்கவாட்டுத் திரை, தாவல், பொறிகள். 1989இன் எலும்புக்கூடு அப்படியே. நாயகன் சர்கோன் இளவரசனே இல்லை, அவனைத் தேடிப் போகிற வீரன். இந்த வரிசையில் முதல்முறையாகப் பாரசீக மொழியிலேயே பேசினார்கள். பாராட்டு குவிந்தது. அதே ஆண்டு அந்தக் குழுவும் கலைக்கப்பட்டது.

திருப்பணி தொடங்குமுன் கோயிலில் பாலாலயம் செய்வார்கள். வேலை முடியும்வரை சாமியை வேறொரு சிறு உருவில் குடியேற்றி, அங்கே பூசை நடக்கும். எத்தனை வருஷம் இழுத்தாலும் விளக்கு அணையாது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகன் என் லேப்டாப்பைக் கேட்டான். பழைய பிரின்ஸை ஓட்டிக் கொடுத்தேன். 'மாமா, கிராஃபிக்ஸே இல்லையே' என்றான். ரெண்டு நிமிஷம் கழித்து விளிம்பில் வந்து நின்று, ஒரு சின்ன அடி எடுத்து வைத்து, தூரம் பார்த்துத் தாவினான். விழுந்தான்.

'இன்னொருவாட்டி' என்றான்.