கடலில் மறைந்த மாலுமியைத் தேடி

இங்கிலாந்தின் துறைமுக நகரங்களிலே பல இல்லங்களில் ஒரு பழைய நிழற்படம் பேணப்பட்டு வருகின்றது. கடற்படைத் தொப்பி அணிந்த இளைஞன் ஒருவன். அப்படத்தோடு மங்கிய தந்தியொன்று. சிறு பெட்டியிலே சில பதக்கங்கள். இலங்கைக்கு அப்பால் கடலில் இறந்தான் என்ற செய்தி மட்டும் தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கும். எந்தக் கப்பலில், எவ்விடத்தில், எவ்வாறு என்று பேரனோ பேர்த்தியோ வினவத் தொடங்கும்போது குடும்பக் கதை வரலாற்றாராய்ச்சி ஆகின்றது. அவ்வாராய்ச்சி செல்லும் வழியையும் இடறும் இடங்களையும் நமது கீழைக் கடலில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு இங்கு நோக்குவோம்.

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்பிரல் 9 ஆந் திகதி திருக்கோணமலை தாக்குண்டது. துறைமுகத்தில் அகப்படாதிருக்கும் பொருட்டு முதல் நாளிரவே வெளியேறித் தெற்கு நோக்கிச் சென்ற கப்பல்களுள் ‘ஹெர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று. அதற்குத் துணையாகச் சென்ற ‘வாம்பயர்’ என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் மற்றொன்று. விமானந்தாங்கியாயினும் அன்று ஹெர்மிஸில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. துறைமுகத்துக்குத் திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால், முற்பகலில் அது தாக்கப்பட்டுச் சிறிது நேரத்துள் மூழ்கிற்று. இறந்தோர் 307 பேர். வாம்பயரும் மூழ்கிற்று. அதே நாளில், அதே கடற்பரப்பில், ‘ஹொலிஹொக்’ என்னும் சிறு காவற்கப்பலும் சுமார் 50 பேருடன் அழிந்தது. உயிர் தப்பியோரில் ஏறக்குறைய 600 பேரை ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

ஆகவே, ‘1942 ஏப்பிரல் 9, இலங்கைக் கடல்’ என்ற குறிப்பு மட்டும் ஒரு மனிதனைக் கண்டறியப் போதாது. மூன்று போர்க்கப்பல்களுள் அவன் எதில் இருந்தான்? வாம்பயரில் இருந்தவனாயின் அவனுடைய பதிவுகளைப் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலே தேடல் வேண்டும். மற்றைய இரண்டிலொன்றாயின் பிரித்தானியச் சுவடிச்சாலையை நாட வேண்டும். பதக்கங்களைப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு வேறுபாடு புலப்படும். இரண்டாம் உலகப் போருக்காக அவுஸ்திரேலியருக்கு வழங்கப்பட்ட பதக்கங்களிற் பெயர் பொறிக்கப்பட்டது. பிரித்தானியருக்கு வழங்கப்பட்ட போர்ப் பதக்கங்களோ பெயரின்றியே வந்தன.

அடுத்து நோக்கத்தக்கது சேவை எண். பிரித்தானியக் கடற்படை வீரனின் எண்ணுக்கு முன்னே நிற்கும் எழுத்து, அவன் போட்ஸ்மத், சாத்தாம், டெவன்போட் என்னும் மூன்று தளங்களுள் எதனைச் சேர்ந்தவன் என்பதைக் காட்டும். உடல் கிடைக்காதோரின் பெயர்கள் அத்தளத்துக்குரிய நினைவுத்தூணிலே பொறிக்கப்பட்டன. டெவன்போட்டைச் சேர்ந்தோருக்கு உரியது பிளிமத் நகரத்துத் தூண். ஆதலால் ஓர் எழுத்து, பெயரைத் தேட வேண்டிய நகரத்தையே சுட்டி விடுகின்றது.

ஆயினும் சேவைப் பதிவிலே காணப்படும் கப்பற்பெயர்கள் எல்லாம் கப்பல்கள் அல்ல. கடற்படை தன் கரைத்தளங்களுக்கும் கப்பற்பெயர்களையே இட்டு வந்தது. ‘லங்கா’ என்பது கொழும்புத் தளத்தின் பெயர். ‘விக்டரி’ என்று எழுதியிருப்பதைக் கண்டு, தம் பாட்டனார் நெல்சனுடைய புகழ்பெற்ற கப்பலிலே பணியாற்றினார் என மகிழ்வோர் உளர். அது பெரும்பாலும் போட்ஸ்மத் படைவீட்டையே குறிக்கும். பதிவேடு பொய் சொல்வதில்லை. ஆனால் அது நமக்காக எழுதப்பட்டதன்று. சம்பளம் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றது என்பதே எழுத்தரின் கவலை. இதனை உணராதவன், நிகழாத கப்பற்சேதத்தைத் தேடி ஆண்டுகளைக் கழிப்பான்.

பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேட்டில் பெயர், பதவி, கப்பல், இறந்த திகதி ஆகியன கிடைக்கும். ஒரு வீரனுக்குக் கீழே பெற்றோர் பெயரும் மனைவியின் ஊரும் இருக்க, அவன் தோழனுக்குக் கீழே வெற்றிடமே காணப்படலாம். உற்றார் எவருமில்லை என்று அதனைக் கொள்ளலாகாது. அவ்விவரங்கள் உறவினர் நிரப்பி அனுப்பிய படிவங்களிலிருந்தே பெறப்பட்டன. குண்டுவீச்சினால் வீடிழந்து முகவரி மாறிய குடும்பத்துக்கு அப்படிவம் சென்று சேராதிருந்திருக்கலாம். சேர்ந்தும் அதனை நிரப்பத் தாய்க்கு மனம் வராதிருந்திருக்கலாம். அத்தகைய வெற்றிடங்களை நிரப்பவே பிறப்பு, விவாகப் பதிவுகளும் 1939 செப்ரெம்பர் 29 ஆந் திகதிக்கென இங்கிலாந்திலும் வேல்சிலும் எடுக்கப்பட்ட குடிமக்கள் பதிவேடும் உதவுகின்றன.

கப்பல் மூழ்கும்போது அதில் அன்று எழுதப்பட்ட நாட்குறிப்பும் உடன் மூழ்குகின்றது. ஆகவே இறுதி மணிநேரங்களை அறிய, உயிர் தப்பியோர் அளித்த அறிக்கைகளையே நம்ப வேண்டியுள்ளது. நீரில் நீந்தியவன் கண்டதும் மேற்றளத்தில் நின்றவன் கண்டதும் ஒன்றாயிரா. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தல் ஆராய்ச்சியாளன் கடமை. பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பிலிருந்த படையினரின் தனிப்பட்ட சேவைப் பதிவுகள் 2022 முதல் பிரித்தானியத் தேசிய சுவடிச்சாலைக்கு மாற்றப்பட்டு வருகின்றமை இத்தேடலுக்குப் புதிய வாயில் எனலாம்.

எல்லாக் குடும்பங்களுக்கும் இவ்வழி ஒரே அளவில் திறந்திருக்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். அப்போரில் வணிகக் கப்பல்களிலே பணிபுரிந்து கடலில் மாண்ட இந்தியக் கடலோடிகள் சுமார் 6,000 பேரின் பெயர்கள், பம்பாயிலும் சிட்டகொங்கிலும் வைக்கப்பட்ட ஏடுகளிலே எழுதப்பட்டுள்ளன. இங்கிலாந்து மாலுமியின் பெயரோ பகிரங்க வெளியில் நிற்கும் தூணிலே உள்ளது. இருவரையும் விழுங்கிய கடல் வேறுபாடு காட்டவில்லை, காட்டியவை பதிவேடுகளே.

ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக்கு அப்பால், சுமார் 50 மீற்றர் ஆழத்திலே கிடக்கின்றது. அங்கே பெயர்ப்பலகை இல்லை. மலர் வைக்க மண்ணும் இல்லை. காணாமற் போனார் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை ஆண்டுகள் வாயிலைப் பார்த்திருப்பாள் என்பதை இந்நாட்டவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இறந்தவனை மீட்டுத் தர எந்தச் சுவடியாலும் இயலாது. ஆயினும் அவன் இன்ன கப்பலில், இன்ன நாளில், இன்ன கரைக்கு அப்பால் மறைந்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமாயின், காத்திருந்தோரின் சந்ததிக்கு அதுவும் ஓர் ஆறுதலே. அவ்வுறுதியைத் தேடிக் கொடுப்பது வரலாற்றின் சிறு பணிகளுள் ஒன்று. சிறிதாயினும் செய்யத்தக்க பணி.