மரக்காணம் உப்பளக் கடற்கரையின் மீனுண்ணும் பெரும்பறவைகள்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் உப்பளங்களும் கழுவெளி ஏரியும் இடையன்திட்டு முகத்துவாரமும் அருகருகே அமைந்துள்ளன. உவர்நீரும் மீனும் மிகுந்த இப்பகுதி, பெரிய பறவைகளைப் பார்க்கத் தமிழகக் கிழக்குக் கரையிலுள்ள நல்ல இடங்களுள் ஒன்று. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

மீன் வேட்டைக்குப் பெயர்போன வட அமெரிக்க வெண்தலைக் கழுகு இந்தியாவில் கிடையாது. அதன் நெருங்கிய உறவான வெண்வயிற்றுக் கடற்கழுகு இக்கரைக்கு உரியது. சிறகு விரித்தால் ஏறத்தாழ 2 மீட்டர். வட்டமிடும்போது இறக்கைகளை மேல்நோக்கி 'வி' வடிவில் ஏந்தும், வால் குட்டையாக ஆப்பு போலிருக்கும்.

குளிர்காலத்தில் வலசை வரும் விரால் அடிப்பானின் வேட்டையே காணக் கிடைப்பவற்றுள் சிறந்தது. நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்நீட்டிப் பாயும். வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்ப முடியும். பாதத்தின் அடியில் முள்போன்ற சொரசொரப்பு உண்டு. வழுக்கும் மீன் தப்பாதது இதனால்தான். பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி பற்றிப் பறக்கும். காற்றின் தடை அதனால் குறைகிறது. கண்வழியே ஓடும் கரும்பட்டை இதன் அடையாளம்.

படகுகளைச் சுற்றும் செம்பருந்தின் இளம்பறவை பழுப்பாக இருப்பதால் கரும்பருந்தென மயங்க நேரும். வாலைப் பார்க்க வேண்டும்: செம்பருந்துக்கு உருண்டை, கரும்பருந்துக்குப் பிளவு.

கூழைக்கடா, சங்குவளை நாரை, பூநாரை ஆகியவையும் ஆழமற்ற நீரில் இரை தேடும். பூநாரை மட்டும் மீனைத் தேடுவதில்லை. நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்கிறது.