எழில் (நிரல்மொழி)

தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட கட்டற்ற நிரல்மொழி. பொறியாளர் முத்தையா அண்ணாமலை 2007 அளவில் இதை உருவாக்கத் தொடங்கினார். 2009இல் இதை விளக்கும் ஆங்கிலக் கட்டுரை ஆர்க்சைவ் ஆய்வுத்தளத்தில் வெளியாயிற்று.

தமிழின் முதல் நிரல்மொழி என எழிலைக் குறிப்பிடுவோர் உண்டு. ஆனால் 2003 அளவிலேயே 'சுவரம்' என்ற மொழி முன்வைக்கப்பட்டிருந்தது. மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட முதல் தமிழ் நிரல்மொழி எழில் எனலாம். இதையும் அனைவரும் ஏற்பதில்லை.

2013 முக்கியமான ஆண்டு. மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் பொதுவெளிக்கு வந்தது. முத்தையாவும் எழுத்தாளர் என். சொக்கனும் இணைந்து எழுதிய 'தமிழில் நிரல் எழுது' என்ற பாடநூலும் வந்தது. ஆங்கிலம் தடையாக நிற்கும் பள்ளிப் பிள்ளைகளே எழிலின் இலக்கு. திரையில் எழுத்தைக் காட்ட 'பதிப்பி', சுழற்சிக்கு 'வரை', செயற்கூற்றுக்கு 'நிரல்பாகம்', பகுதியை மூட 'முடி'. நிபந்தனை எழுதும் முறைதான் இதன் அழகு. @( வயது >= 18 ) ஆனால் என்று தொடங்கி, மறுபக்கத்துக்கு 'இல்லை' என்று எழுத வேண்டும். நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக, நாம் பேசும் வரிசையிலேயே வரி அமைகிறது. ஆங்கிலக் கட்டளைகளுக்குத் தமிழ்ச் சொல்லை ஒட்டிவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தால் இது வாய்த்திராது.

எழில் பைதானில் எழுதப்பட்டது. அந்த உழைப்பிலிருந்து கிளைத்த ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு எழிலைக் காட்டிலும் பரவலாகப் பயன்பட்டது என்று கருத இடமுண்டு. அது தீர்க்கும் சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடு குறியீட்டில் ஐந்து. எழுத்தை எண்ணவும் சொல்லைத் திருப்பிப் போடவும் அகரவரிசைப்படுத்தவும் முனையும் எவரும் முதலில் இடறுவது இங்கேதான். ஓப்பன்-தமிழ் அந்த ஐந்தை மீண்டும் மூன்றாகப் பிரித்துத் தருகிறது. 'சொல்திருத்தி' என்ற பிழைதிருத்தப் பகுதியும் இதில் உண்டு.

அக்காலத் தமிழ்க் கணிமையாளர்களின் சந்திப்புக் களம் உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு. 2013இல் கோலாலம்பூரிலும் 2014 செப்டம்பரில் புதுச்சேரியிலும் அது கூடியது. முத்தையாவின் கட்டுரைகள் இம்மாநாட்டுத் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன.

எழிலின் மூலநிரல் கிட்ஹப் தளத்தில் உள்ளது. ஓப்பன்-தமிழைப் பைதானின் பொதுக் களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம்.