ஜூலை 30-ம் 48 மணி நேரமும்: பர்ன்அவுட்டின் ஒரு சுருக்கமான வரலாறு

1/
புதுச்சேரிக்காரங்களுக்கு ஜூலை 30 தெரிஞ்ச தேதி. தியாகிகள் தினம். 1936-ல் அந்த நாள்ல, சவானா மில்லில் (பின்னாளில் சுதேசி மில்) போராடிய தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. 12 பேர் இறந்தாங்க. அவங்க கேட்டதுல முக்கியமான ஒண்ணு: ஒரு நாளைக்கு 8 மணி நேரம் மட்டும் வேலை.

2/
இதை ஒரு டாக்டர் ஏன் சொல்லணும்னு நினைப்பீங்க. பர்ன்அவுட் பத்தி, அதுக்கான உளவியல் சிகிச்சை பத்தி எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கேட்டவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா படிச்சு, நல்ல சம்பளத்துல, வெளியில இருந்து பார்த்தா ஒரு குறையும் இல்லாம இருக்கறவங்க. "எனக்கு எல்லாம் இருக்கு டாக்டர், ஆனா காலையில எழுந்திருக்கவே பிடிக்கல" என்பதுதான் கேள்வியோட சாரம். பதில் சொல்ல 150 வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

3/
1869. அமெரிக்காவுல ஜார்ஜ் பியர்ட்னு ஒரு நரம்பியல் மருத்துவர். தீராத களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, எதுலயும் கவனம் நிக்காத நிலை, இதுக்கெல்லாம் சேர்த்து "நியூராஸ்தீனியா"ன்னு ஒரு பேரைப் பரப்பினார். தமிழ்ல சொன்னா நரம்புத் தளர்ச்சி. ஆமாம், நம்ம ஊர் சுவர் விளம்பரத்துல பார்க்கிற அதே வார்த்தைதான்.

பியர்ட் கணக்குப்படி உடம்புல நரம்பு சக்தி ஒரு அளவுதான் இருக்கு. மூளையால உழைக்கறவங்க, அதாவது வக்கீல், வியாபாரி, டாக்டர், எழுத்தாளர், இவங்க அதை சீக்கிரம் செலவழிச்சுடறாங்க. ரயில், தந்தி, பத்திரிகைன்னு வாழ்க்கை வேகமானதுதான் காரணம்னு சொன்னார். செல்போன் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடி சொன்னது இது!

4/
இங்கே ஒண்ணை கவனிங்க. அந்தக் காலத்து மருத்துவம் "மூளை உழைப்பாளி"யோட களைப்புக்குத்தான் இந்த கௌரவமான பேரைக் கொடுத்துச்சு. நெசவாலையில 12 மணி நேரம் நின்னு வேலை செஞ்சவரோட களைப்பை யாரும் நோயா எண்ணல. மேல இருக்கறவங்க களைச்சா நோய். கீழ இருக்கறவங்க களைச்சா சோம்பேறித்தனம்.

5/
இந்தப் பார்வை காலனி நாடுகளுக்கும் வந்துச்சு. 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துல "வெப்பமண்டல நியூராஸ்தீனியா"ன்னு ஒரு நோய் மருத்துவ இதழ்கள்ல பிரபலம். யாருக்கு வரும்? வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு. மருந்து? நீண்ட விடுப்பு, மலைவாசம், இல்லேன்னா கப்பலேறி சொந்த ஊர். ஊட்டி மாதிரி மலை ஊர்கள் வளர்ந்ததுக்குப் பின்னாடி இந்த எண்ணத்துக்கும் பங்கு உண்டு. அதே வெயில்ல அவங்களுக்கு பங்கா இழுத்தவருக்கு அந்த நோய் வரும்னு எந்தப் புத்தகமும் கவலைப்படல.

6/
இப்போ 1936-க்கு திரும்பலாம். அந்த ஜூன் மாசம் பிரான்ஸ்ல மக்கள் முன்னணி அரசு சட்டங்கள் கொண்டு வந்துச்சு: வாரத்துக்கு 40 மணி நேர வேலை, வருஷத்துக்கு ரெண்டு வாரம் சம்பளத்தோட விடுமுறை. அதே பிரான்ஸ் ஆண்ட புதுச்சேரியில, அடுத்த மாசமே, 8 மணி நேரம் கேட்டவங்க மேல குண்டு பாஞ்சது.

வ. சுப்பையா தலைமையில போராட்டம் ஓயல. விஷயம் பாரிஸ் வரைக்கும் போச்சு. 1937 ஏப்ரல்ல 8 மணி நேர வேலையும் சங்கம் வைக்கிற உரிமையும் சட்டமாச்சு. நாளைக்கு 8 மணி, வாரத்துல ஆறு நாள். மொத்தம் 48 மணி நேரம். இந்த 48-ங்கற எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

7/
ஆக, களைப்புக்கு ரெண்டு வரலாறு இருக்கு. ஒண்ணு, களைப்புக்கு நோய்ப் பேர் வச்சு, தனி ஆளுக்கு சிகிச்சை கொடுத்த வரலாறு. இன்னொண்ணு, கடிகாரத்தை வச்சு சண்டை போட்டு எல்லாருக்கும் சேர்த்து ஓய்வு வாங்கின வரலாறு. நம்ம படிச்ச வர்க்கத்துக்கு முதல் வரலாறுதான் தெரியும். அதுலயும் இந்தியாவோட பங்கு பலருக்குத் தெரியாது. அதைப் பார்ப்போம்.

8/
1922. கல்கத்தா. கிரீந்திரசேகர் போஸ்னு ஒரு டாக்டர் தன் வீட்டுலயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஆரம்ப உறுப்பினர்கள் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர்களும் டாக்டர்களும். பேசிப் பேசியே மனக்கஷ்டத்தைத் தீர்க்கலாம்ங்கற ஃப்ராய்டோட முறையை அவர் இந்தியாவுல நடைமுறைப்படுத்தினார். ஃப்ராய்டோட கடிதத் தொடர்பு இருந்துச்சு, கருத்து வேறுபாட்டையும் மறைக்காம எழுதினார். 1931-ல் ஃப்ராய்டோட 75-வது பிறந்தநாளுக்கு இங்கிருந்து தந்தத்துல செஞ்ச விஷ்ணு சிலை ஒண்ணு பரிசாப் போச்சு. "தெரபி எல்லாம் நேத்து வந்த ஃபேஷன்"னு சொல்றவங்களுக்கு இதைச் சொல்லுங்க. நம்ம நாட்டுல அதுக்கு நூறு வயசு தாண்டிடுச்சு.

9/
அடுத்தது 1964, பெங்களூரு. இன்னிக்கு நிம்ஹான்ஸ்னு சொல்ற நிறுவனத்தோட முந்தைய வடிவத்துல இருந்த என்.சி. சூர்யாவும் ஜெயராமும் ஒரு கட்டுரை எழுதினாங்க. மேல்நாட்டு உளவியல் சிகிச்சையை அப்படியே இங்கே இறக்குமதி பண்ண முடியுமாங்கறதுதான் கேள்வி.

அவங்க கவனிச்சது: நம்ம நோயாளி "என் ஆழ்மனசுல என்ன இருக்கு"ன்னு தேடி வர்றது குறைவு. நேரடியான ஆதரவையும் வழிகாட்டலையும் எதிர்பார்க்கிறார். குறிச்ச நேரத்துக்குள்ள அடங்க மாட்டார். டாக்டரை ஒரு அண்ணனா, அப்பாவா, குருவா ஆக்கிக்கிறார். அறுபது வருஷம் ஆச்சு, எந்த ஓபியில உட்கார்ந்தாலும் இது இன்னிக்கும் தெரியும். "நீங்களே சொல்லுங்க டாக்டர், நான் என்ன பண்ணட்டும்?" 1973-ல் ஜே.எஸ். நெகி இன்னும் ஒரு படி மேல போய், குரு-சிஷ்ய உறவையே சிகிச்சைக்கு ஒரு மாதிரியா எடுத்துக்கலாமான்னு எழுதினார்.

10/
சரி, "பர்ன்அவுட்"ங்கற வார்த்தை எப்போ வந்துச்சு? 1974, நியூயார்க். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். சின்ன வயசுல நாஜி ஜெர்மனியில இருந்து தப்பி வந்தவர். பகல்ல சொந்த கிளினிக், ராத்திரி ஏழைகளுக்கான இலவச கிளினிக்ல சேவை. அங்கே கூட வேலை செஞ்ச தன்னார்வலர்கள் மாசக்கணக்குல உழைச்சு, பிறகு கோபம், கசப்பு, வெறுமைன்னு உதிர்ந்து போறதைப் பார்த்தார். அதுல அவரும் ஒருத்தர்.

குடும்பத்தோட சுற்றுலா கிளம்ப வேண்டிய நாள்ல படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியல. விமானம் போயிடுச்சு. அப்புறம் ஒரு டேப் ரெக்கார்டர்ல தன்கிட்ட தானே பேசி, நோயாளி பேசறதைக் கேட்கிற மாதிரி அதைத் திரும்பக் கேட்டார். களைப்புக்கு அடியில என்ன இருக்குன்னு அவருக்கு அப்போதான் பிடிபட்டுச்சு.

11/
1974-ல் அவர் எழுதின கட்டுரைதான் இந்த வார்த்தையை மருத்துவ உலகத்துக்குள்ள கொண்டு வந்துச்சு. 1980-ல் அவர் இதே பேர்ல ஒரு புத்தகம் போட்டார். பெரிய சாதனைக்குக் கொடுக்கிற பெரிய விலைங்கறது அதோட துணைத் தலைப்பு. அதாவது சோம்பேறிகளுக்கு வர்ற நோய் இல்ல இது. எரியாத விளக்குல எண்ணெய் தீராது.

12/
1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டாங்க. மூணு விஷயம் பார்ப்பாங்க.

ஒண்ணு: உள்ளே வத்திப் போன உணர்வு.
ரெண்டு: மனுஷங்களைப் பொருளாப் பார்க்க ஆரம்பிக்கிறது. நோயாளியோட பேர் மறந்து "அந்த 14-ம் பெட்" ஆகிடும். வாடிக்கையாளர் வெறும் டிக்கெட் நம்பர் ஆகிடுவார்.
மூணு: "நான் செய்யறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல"ங்கற எண்ணம்.

இந்த ரெண்டாவதை பலர் கவனிக்கிறதில்ல. களைப்பு தெரியும். தான் முரடா மாறிட்டதை வீட்டுல உள்ளவங்கதான் முதல்ல பார்ப்பாங்க.

13/
2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 பட்டியல்ல பர்ன்அவுட்டை விளக்கமா சேர்த்துச்சு. ஆனா எப்படி? "நோய்"னு சொல்லல. வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்வுன்னு சொன்னாங்க. சரியா சமாளிக்கப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தோட விளைவுன்னு விளக்கம். வேலைச் சூழலோட சேர்த்துத்தான் இதைப் பேசணும். பியர்ட் காலத்துல தனி மனுஷனோட நரம்புக்குள்ள தேடின காரணத்தை 150 வருஷம் கழிச்சு பணியிடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்திருக்காங்க.

14/
அப்போ உளவியல் சிகிச்சையால என்ன பயன்? பயன் நிச்சயம் உண்டு.

1960-கள்ல ஆரன் பெக்ங்கற அமெரிக்க மனநல மருத்துவர் ஒண்ணு கண்டார். மனச்சோர்வுல இருக்கறவங்க மனசுல சில எண்ணங்கள் தானா, மின்னல் மாதிரி வந்து போகுது. அவங்க அதைச் சோதிச்சுப் பார்க்காமலே உண்மைன்னு நம்பறாங்க. அந்த எண்ணத்தைப் பிடிச்சு, எழுதி, ஆதாரம் கேட்கிற முறைதான் இன்னிக்கு சிபிடின்னு சொல்ற சிகிச்சை.

15/
ஒரு உதாரணம், கற்பனைதான். எப்பவும் வகுப்புல முதல் ரேங்க் வாங்கின ஒரு இன்ஜினியர்னு வச்சுக்குங்க. ராத்திரி 11 மணிக்கு மேனேஜர் மெசேஜ். உடனே பதில் போடறார். ஏன்? "போடலேன்னா நான் லாயக்கில்லாதவன்னு நினைப்பாங்க."

தெரபிஸ்ட் அறிவுரை சொல்ல மாட்டார். கேள்வி கேட்பார். போன மாசம் எத்தனை மெசேஜ் வந்துச்சு? காலையில பதில் போட்டிருந்தா எது கெட்டுப் போயிருக்கும்? இந்த வாரம் ரெண்டு நாள் மட்டும் காலையில போட்டுப் பார்ப்போமா? என்ன ஆச்சுன்னு எழுதிக்கிட்டு வாங்க.

பொதுவா வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம் போல. சில மாசம். மெல்ல மெல்ல, "மார்க் வாங்கினாத்தான் நான் மனுஷன்"ங்கற பழைய பாடம் வெளியே வரும். அது சின்ன வயசுல படிச்ச பாடம். அதுதான் அவரை மேல ஏத்திச்சு, இப்போ அதுதான் சாய்க்குது. சாதனையாளர்களோட தெரபியில பெரும்பகுதி வேலை இந்த இடத்துலதான்.

16/
ஆனா தெரபியால ட்யூட்டி ரோஸ்டரைக் குறைக்க முடியாது. இங்கேதான் அந்த 48 திரும்ப வருது.

1992-ல் மத்திய சுகாதார அமைச்சகம், மருத்துவமனைகள்ல வேலை செய்யற ரெசிடென்ட் டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்துச்சு: ஜூனியர்களுக்கு சாதாரணமா வாரம் 48 மணி, ஒரே மூச்சுல 12 மணிக்கு மேல கூடாது. மில் தொழிலாளிக்கு 1937-ல் கிடைச்ச அதே எண்.

17/
2024-ல் தேசிய மருத்துவ ஆணையம் அமைச்ச பணிக்குழு மருத்துவ மாணவர்களோட மனநலம் பத்தி அறிக்கை கொடுத்துச்சு. அவங்க நடத்துன ஆன்லைன் ஆய்வுல பதில் சொன்ன முதுநிலை மாணவர்கள்ல 31.2% பேர் தற்கொலை எண்ணம் வந்ததா சொல்லியிருக்காங்க. குழுவோட பரிந்துரை: வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல வேண்டாம், ஒரு நாள் விடுப்பு கட்டாயம்.

74-ஐ ஒரு முன்னேற்றமா கேட்க வேண்டிய நிலைமையில இருக்கோம்னா, 48 எங்கே போச்சுன்னு யோசிங்க. இது டாக்டர் கதை மட்டும் இல்ல. ஐடி, வங்கி, ஆடிட், எல்லா இடத்துலயும் "நான் தொழிலாளி இல்ல, ப்ரொஃபஷனல்"னு சொல்லிச் சொல்லியே கடிகாரத்தைக் கழட்டி வச்சுட்டோம்.

18/
"அப்போ தெரபி வேண்டாமா, சங்கம் போதுமா?" ரெண்டும் வேணும். 2016-ல் லான்செட் இதழ்ல டாக்டர்களோட பர்ன்அவுட் பத்தின பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. தனி ஆளுக்குக் கொடுக்கிற பயிற்சியும் உதவுது, வேலை நேரம் மாதிரி அமைப்பை மாத்தறதும் உதவுது. மொத்தத்துல பர்ன்அவுட் 54%-ல இருந்து 44%-க்கு இறங்கியிருந்துச்சு. மாயம் இல்ல, ஆனா பத்துல ஒருத்தர் மீள்றது சின்ன விஷயமும் இல்ல.

19/
நடைமுறைக்கு வருவோம். நீங்க இந்த நிலைமையில இருந்தா:

• முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, குறட்டையோட வர்ற தூக்கக் கோளாறு, எல்லாம் இதே களைப்பைக் கொடுக்கும்.
• லீவு போட்டா மனசு தெளியுதான்னு பாருங்க. லீவுலயும், பிடிச்ச விஷயத்துலயும் ரெண்டு வாரத்துக்கு மேல சந்தோஷமே வரலேன்னா அது மனச்சோர்வு நோயா இருக்கலாம். அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு.
• தூக்கத்துக்காக குடிக்கிறதும், தானா மாத்திரை வாங்கிப் போடறதும் வேண்டாம்.
• தெரபிஸ்ட்கிட்ட போறப்போ அவரோட படிப்பு, பயிற்சி என்னன்னு கேளுங்க. கேட்கிறது மரியாதைக் குறைவு இல்ல.
• வேலை நேரத்தை ஒரு வாரம் உண்மையா எழுதிப் பாருங்க. பலருக்கு தன் எண் என்னன்னே தெரியாது.

20/
சாகலாம்னு எண்ணம் வந்தா காத்திருக்காதீங்க. 2022 அக்டோபர்ல தொடங்கின மத்திய அரசோட டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம். பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் நேரா போகலாம். இதுக்கு யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க.

21/
கடைசியா ஒண்ணு. மில்லுல நின்னவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, களைப்பு தன்னோட குறை இல்லேன்னு. பக்கத்துல நின்னவரும் அதே அளவு களைச்சிருந்தது அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. நம்ம கேபின்லயும் லேப்டாப்லயும் அது தெரியறதில்ல. அதனால பக்கத்து சீட்டுக்காரரைக் கேளுங்க: "தூங்குறீங்களா சார்? சரியா சாப்பிடுறீங்களா மேடம்?" பல நேரம் சிகிச்சை அங்கே இருந்துதான் தொடங்குது.

உங்க வேலையில வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு கீழ எழுதுங்க. தேவைப்படறவங்களுக்கு இதை அனுப்புங்க.