பவல் தெருவின் பந்தாட்டக்காரர்கள்

‘ஊரும் விளையாட்டும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது நமக்கு அதிகம் பழக்கமில்லாத பேஸ்பால். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரில், 1914 முதல் 1941 வரை ஆடிய அசாஹி என்ற அணியின் கதை. ஜப்பானிய மொழியில் அசாஹி என்றால் காலைச் சூரியன். ஜப்பானியக் குடியேறிகளின் பிள்ளைகள் ஆடிய அணி அது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வான்கூவரில் பவல் தெரு என்று ஒன்று உண்டு. மர ஆலையிலும் மீன்பிடிப் படகிலும் வேலை செய்ய வந்த ஜப்பானியர் அங்கே குடியேறி, கடைகளும் தங்குவிடுதிகளும் குளியல் கூடங்களும் வைத்தார்கள். தெருவை ஒட்டியே ஒரு திடல். இன்று அது ஓப்பன்ஹைமர் பூங்கா. அதுதான் அசாஹியின் சொந்த மைதானம்.

அந்த மக்கள் எப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். 1907 செப்டம்பரில் ஆசியர்களுக்கு எதிரான கும்பல் ஒன்று சீனர் பகுதியை அடித்து நொறுக்கிவிட்டுப் பவல் தெருவுக்குள்ளும் புகுந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1895லேயே ஜப்பானியரின் வாக்குரிமையைப் பறித்திருந்தது. கனடாவிலேயே பிறந்தவர்களுக்கும் வாக்கு இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் வழக்கறிஞராக முடியாது, மருந்தாளுநராக முடியாது. அசாஹி தொடங்கிய அதே 1914இல்தான், அதே நகரத் துறைமுகத்தில், 376 இந்தியப் பயணிகளோடு வந்த கோமகாட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. பயணிகளில் பெரும்பாலோர் சீக்கியர்.

இப்படிப்பட்ட ஊரில் ஓர் இளைஞர் அணி வெள்ளையர் அணிகளோடு மோத இறங்கியது. எதிரணியினர் உயரமானவர்கள், பலசாலிகள். பந்தை வேலிக்கு அப்பால் அடிக்கும் போட்டியில் அசாஹியால் அவர்களை வெல்ல முடியவில்லை. 1920களில் மேலாளராக இருந்த ஹாரி மியாசாகி ஆட்டத்தின் போக்கையே மாற்றினார். பேஸ்பாலில் ‘பன்ட்’ என்று ஓர் அடி உண்டு. மட்டையைச் சுழற்றாமல், வரும் பந்தைச் சும்மா தொட்டு, காலடியில் விழச் செய்துவிட்டு ஓடுவது. நம் தெருக் கிரிக்கெட்டில் ‘தட்டிட்டு ஓடு’ என்போமே, ஏறக்குறைய அதுதான். பன்ட், எதிரி அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது, பிசகாத தடுப்பாட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். இதற்கு ‘பிரெய்ன் பால்’ என்று பெயர் வந்தது, அதாவது மூளையால் ஆடும் ஆட்டம். ஒரு தடவைகூடப் பந்தை ஒழுங்காக அடிக்காமல், பன்ட்டையும் ஓட்டத்தையும் எதிரணியின் தடுமாற்றத்தையும் வைத்தே 3-1 என்று வென்ற ஆட்டம் ஒன்றை ரசிகர்கள் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னாலும் வாதாடக் கூடாது. எதிரணி சீண்டினாலும் கைகலப்பு கூடாது. இதை நற்பண்பு என்று பத்திரிகைகள் பாராட்டின. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. வெள்ளைக்கார இளைஞன் நடுவரிடம் கத்தினால் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது என்பார்கள். அசாஹி வீரன் கத்தினால் ‘அந்த ஆட்களே அப்படித்தான்’ என்பார்கள். தன் ஒவ்வொரு அசைவுக்கும் முழுச் சமூகமும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்து ஆடியவர்கள் அவர்கள். அயல்நாட்டில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

1926இல் டெர்மினல் லீக் கோப்பையை அசாஹி வென்றது. 1937 முதல் 1941 வரை பசிபிக் வடமேற்குக் கோப்பையை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. ஆட்ட நாளில் பவல் தெருவே திடலுக்குப் போய்விடும். ஆலை வேலை முடித்த தகப்பன்மார், பிள்ளையை இடுப்பில் வைத்த தாய்மார், கடைக்காரர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். அவர்களோடு வெள்ளையர்களும் நின்று அசாஹிக்குக் கைதட்டினார்கள். ‘நடனமாடும் தடுப்பாளர்’ என்று பெயர் வாங்கிய ராய் யமமுராவின் ஆட்டத்தைப் பார்க்கவே வந்தவர்கள் உண்டு. வாக்குரிமை இல்லாத இளைஞர்கள், அந்தத் திடலில் மட்டும், ஊரின் செல்லப் பிள்ளைகளாக இருந்தார்கள்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த ஆண்டு, கரையிலிருந்து நூறு மைல் தூரத்துக்குள் ஜப்பானிய வம்சாவளியினர் யாரும் இருக்கக் கூடாது என்று கனடா அரசு கட்டளையிட்டது. சுமார் 22,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் கனடாவில் பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை பெற்றவர்கள். பெரியவர் ஒருவருக்கு 150 பவுண்ட் மூட்டை மட்டும் அனுமதி. பல ஆயிரம் பேர் முதலில் ஹேஸ்டிங்ஸ் பார்க் பொருட்காட்சித் திடலில் அடைக்கப்பட்டார்கள். கால்நடைக் கொட்டில்களில் பெண்களும் குழந்தைகளும் படுத்தார்கள். காசநோயாளிகளுக்கும் அங்கேயே ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். நான் செவிலியர். நெரிசல், சாணி வாடை, மறைப்பில்லாத கழிப்பிடம், கைக்குழந்தைகள் என்று வாசிக்கும்போதே அடுத்து என்னென்ன நோய் வரும் என்று மனம் கணக்குப் போடுகிறது.

அவர்களுடைய வீடு, கடை, படகு எல்லாவற்றையும் அரசு எடுத்து, அவர்கள் சம்மதமின்றி விற்றது. அந்தப் பணத்திலிருந்தே அவர்களை அடைத்துவைத்த செலவும் கழிக்கப்பட்டது. அசாஹி வீரர்கள் மலைகளுக்குள் இருந்த வெவ்வேறு முகாம்களுக்குச் சிதறினார்கள். அந்த அணி மறுபடி ஒன்றாக ஒரு நாளும் ஆடவில்லை.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான். அந்த ஐந்து கோப்பைகளுக்கும் கைதட்டிய ஊர் எங்கே போனது? கடைசிக் கோப்பைக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே ஓராண்டுகூட இல்லை. ரசிகர்கள் பொய்யாகக் கைதட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால் மைதானத்தில் கிடைத்த அன்பு வாக்காளர் பட்டியலில் ஏறவில்லை, சட்டமாகவில்லை. சட்டம் காக்காத இடத்தில் அன்பால் காக்க முடியவில்லை. ‘நன்றாக நடந்துகொள், திறமையைக் காட்டு, அவர்களாகவே ஏற்றுக்கொள்வார்கள்’ என்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அசாஹி அதைவிட நன்றாக நடந்துகொள்ள யாராலும் முடியாது.

இருந்தும் பந்து நிற்கவில்லை. முகாம்களிலும் அணிகள் சேர்த்து ஆடினார்கள். 1939இல் அசாஹியில் சேர்ந்த கே கமினிஷி, கிழக்கு லில்லூவெட் முகாமில் இருந்தார். முகாமில் இருந்தவர்கள் ஊருக்குள் போக அனுமதியில்லாத காலம். காவல் அதிகாரி ஒருவரின் உதவியோடு முகாமுக்கும் ஊருக்கும் இடையே ஓர் ஆட்டம் நடந்தது. அதன்பின் இருதரப்பும் முகம் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

கரைக்குத் திரும்பும் அனுமதி 1949 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகப்போகும் நேரம். அதற்குள் பவல் தெருவில் திரும்பிவர வீடும் இல்லை, கடையும் இல்லை. பலர் டொராண்டோ வரை சிதறியிருந்தார்கள். அணியை மீட்டவர்கள் ரசிகர்கள். சிறுமியாக அந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த பாட் அடாச்சி, வீரர்களின் படங்களையும் நினைவுகளையும் தேடிச் சேர்த்து 1992இல் புத்தகமாக்கினார். 2003இல் தேசிய திரைப்பட வாரியம் ஆவணப்படம் எடுத்தது. அதே ஆண்டு கனடா பேஸ்பால் புகழ்மன்றம் அசாஹியைச் சேர்த்துக்கொண்டது. 2019இல் அஞ்சல்தலையும் வந்தது. அணியின் கடைசி வீரரான கமினிஷி 2024இல், 102 வயதில் காலமானார்.

அரசு மன்னிப்புக் கேட்டது 1988இல். உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 21,000 டாலர் இழப்பீடு. அது மைதானத்தில் கிடைத்ததல்ல. ஆவணம் தேடி, கூட்டம் போட்டு, மனு எழுதி, பல ஆண்டுகள் சலிக்காமல் கேட்டு வாங்கியது.

2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் வந்து சேர்ந்ததும் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குத்தான். குழந்தைகளோடு தடுத்து வைக்கப்பட்டார்கள். இரண்டும் ஒரே கதை அல்ல. ஆனால் அந்தக் கரையின் வரலாற்றில் நாமும் இருக்கிறோம். ஆகவே, பிள்ளைகளை விளையாட அனுப்புங்கள், நன்றாகக் கைதட்டுங்கள். வாக்களிக்கவும், கூட்டத்துக்குப் போகவும், எழுதிவைக்கவும் சேர்த்தே பழக்குங்கள். பழைய படங்கள் இருந்தால், பின்பக்கத்தில் யார் யார் என்று பெயர் எழுதி வையுங்கள். பாட் அடாச்சி செய்ததும் பெரும்பாலும் அதுதான்.